டி.எம்.சி. 2209 லாரியும் நாற்பது விநாடியும்

உலகநாதனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் மைக் ஊளையிட்டால் போதும். பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் எச்சில் கையோடு எழுந்து போய், "மைக்குக்கு எதிர்லயா ஸ்பீக்கர வெப்ப?" என்று சண்டை பிடித்து, பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வந்த பிறகுதான் பாயசத்தைத் தொடுவார். கூட வந்த மனைவி சுசீலா, இந்த மனிதருக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது போல நாலு இலை தள்ளி உட்கார்ந்திருப்பாள். கள்ளிக்குப்பத்தில் அவர்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஷேர் ஆட்டோக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் என்று அவர் கத்தாத ஆள் பாக்கி கிடையாது.

அப்படிப்பட்டவர் மூன்று வருடமாக ஒரே ஒரு கோபத்தை மட்டும் வாய் திறக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தார். அது சம்பந்தி ராகவன் மேல் வந்த கோபம்.

ராகவன் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் முதல் நாளே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, வானகரத்தில் ஒரு அடுக்குமாடியில் ஏழாவது தளத்தில் இருக்கிறார். அவர் மகள் ஸ்வாதியும் உலகநாதனின் மகன் விக்ரமும் ஒரே ஆபீசில் வேலை பார்த்துப் பழகிக் கல்யாணம் என்று வந்து நின்றபோது, என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்காமல் சரி என்றவர் அவர். சம்பந்தி வீட்டார் வந்தால் லிஃப்ட் வரைக்கும் வந்து அழைத்துப் போவார். தானே காபி கலந்து கொடுப்பார். காபி குடித்து முடித்ததும் பாட்டுப் போடுவார்.

அவருக்கு உயிர் கமலபுரி தாசர். இருநூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்து, கீர்த்தனை கீர்த்தனையாகச் செய்து வைத்துவிட்டுப் போன அந்த மகானின் பாட்டுகளை யார், எங்கே, எந்த வருடம் பாடியிருக்கிறார்கள், ஒலிப்பதிவு யாரிடம் இருக்கிறது, அதில் எது உசத்தி என்று முப்பது வருடமாகப் பட்டியல் போட்டு வருகிறார். நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியது இப்போது இணையத்தில் இருக்கிறது. 'கமலபுரி தாசர்: குறிப்பிடத்தக்க ஒலிப்பதிவுகள்' என்று தலைப்பு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

அந்தப் பட்டியலில் முதலாவதாக இருக்கிற குறிப்பு உலகநாதனுக்கு மனப்பாடம். இத்தனைக்கும் அவர் படித்தது ஒரே தடவை.

'திருமழிசைத் திருவிழா, 1988. பாடியவர் நல்லாடை நீலகண்டம். பைரவி ராகம். என் சொந்த ஒலிப்பதிவு. தாசரின் பாட்டை இதைவிட யாரும் பாடியதில்லை, இனி பாடப்போவதும் இல்லை. நிரவல் தொடங்கும் இடத்தில் நாற்பது விநாடி கிடையாது. லாரி ஒன்றைப் பற்றி அறிவிப்பதற்காக, விவரம் கெட்ட மைக்செட் ஆசாமி எதையோ திருகப்போய் ஆம்பிளிபயரே நின்றுவிட்டதுதான் காரணம்.'

விவரம் கெட்ட அந்த மைக்செட் ஆசாமி உலகநாதன்தான்.

கல்யாணம் பேசி முடித்து முதன்முதலாக வானகரம் போன அன்றைக்கே இது தெரிந்துவிட்டது. ராகவன் பாட்டைப் போட்டார். சரணம் போய்க்கொண்டிருந்தது. உலகநாதனுக்கு எங்கேயோ கேட்ட பாட்டாக இருக்கிறதே என்று தோன்றி, காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனார். அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு இளவட்டக் குரல் கணீரென்று பேசியது: "அன்பார்ந்த பக்தகோடிகளே, ஒரு முக்கிய அறிவிப்பு. லாரி நம்பர் டி.எம்.சி. ரெண்டு ரெண்டு..."

டக். அவ்வளவுதான். குரல் போய்விட்டது. அடுத்த நொடியே நீலகண்டம் வேறு ஏதோ வரியில் எங்கேயோ உயரத்தில் இருந்தார்.

"கேட்டீங்களா சம்பந்தி?" என்றார் ராகவன். அவர் முகம் சிவந்திருந்தது. "மகாபாவி. செட்டையே அணைச்சுட்டான். நாற்பது விநாடி வெறும் நிசப்தம். அதை நகலெடுக்கும்போது நான் வெட்டிட்டேன். எங்கேயும் கேட்டதில்லை, சரணத்துல பாடிக்கிட்டிருந்தவர் அனுபல்லவிக்குத் திரும்பிப் போய் நிரவல் பண்றார். 'எங்கே நீ இருந்தாலும் இக்கணம் வரவேணும்.' அந்த ஒரே வரியைப் பதினாறு நிமிஷம் விரிச்சு விரிச்சுப் பாடறார். ஏன் அங்கே போனார்? எப்படி எடுத்தார்? முப்பத்தஞ்சு வருஷமா மண்டையை உடைச்சுக்கறோம். லாரி நம்பர் சொன்ன அந்த லாரிக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

உலகநாதனுக்குக் காபி புரையேறிவிட்டது. சுசீலா முதுகைத் தட்டினாள். ராகவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

*

உலகநாதன் பிறந்தது திருமழிசையில், ஏரிக்குப் பக்கத்தில் மூன்று காணி நிலம் வைத்திருந்த குடும்பத்தில். மூன்றாவது மகன். நிலத்தில் இறங்கச் சொன்னால் ஓடிவிடுவார். பரந்தாமன் என்கிற கூட்டாளி மைக்செட் வைத்திருந்தான். அவனோடு ஏழு வருடம் சுற்றினார். காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றும் திருவிழா, எல்லாம் பார்த்தாயிற்று. குரல் நன்றாக இருந்ததால் அறிவிப்பு எல்லாம் அவர்தான். தொலைந்த குழந்தை, தொலைந்த செருப்பு, பிரசாதம் எங்கே கொடுக்கிறார்கள் என்று எது துண்டுச் சீட்டில் எழுதி வந்தாலும் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். பிறகு பரந்தாமனின் தங்கை சுசீலாவையே கட்டிக்கொண்டார். குடும்பம் என்றாகிவிட்டதால் மாதச் சம்பளம் வேண்டும் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். தகடு அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருடம் நின்றதில் வீடு வந்தது, விக்ரமின் படிப்பு வந்தது, இடது காது போனது.

சங்கீதம் அவருக்குத் தெரியாது. பைரவி என்றால் சாமி பெயர் என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தார். ஆனால் அந்தச் சாயங்காலம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சுவாமி புறப்பாடு வந்துகொண்டிருந்தது. முனையில் ஒரு செங்கல் லாரி. பல்லக்கு திரும்ப வழியில்லை. விழாக் கமிட்டி ஆள் சீட்டோடு ஓடிவந்து, இப்போதே சொல் என்று நின்றான். பாடிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறு என்று உலகநாதன் இரண்டு வரி காக்க வைத்தார். அதற்கு மேல் முடியவில்லை. பாடகரின் மைக்கை அணைக்கவில்லை. சத்தத்தை ஒரு விரல் அளவு மட்டும் குறைத்துவிட்டு, தன் மைக்கை எடுத்து, வழக்கமாகச் சொல்கிறபடி சொன்னார்: "லாரி நம்பர் டி.எம்.சி. ரெண்டு ரெண்டு பூஜ்யம் ஒன்பது. வண்டியின் உரிமையாளரோ ஓட்டுநரோ எங்கிருந்தாலும் உடனடியாக வரவும். எங்கிருந்தாலும்... உடனடியாக... வரவும்."

இரண்டாவது தடவை இழுத்துச் சொல்வது அவர் பழக்கம். அந்தக் கடைசி 'வரவும்' குழாய் ஸ்பீக்கர்களில் தெருத்தெருவாகப் போய் அடங்கியது. மேடையில் நீலகண்டம் பாடுவதை நிறுத்தியிருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று உலகநாதன் பயந்தார். அவரோ சிரித்தார். மைக்கில் நன்றாகக் கேட்கும்படிச் சிரித்தார். பிறகு உலகநாதன் விட்ட அதே சுருதியில், அதே இழுப்பில், 'எங்கே நீ இருந்தாலும்' என்று எடுத்தார். கூட்டம் சிரித்தது. 'இக்கணம் வரவேணும்' என்று மறுபடி பாடினார். சிரிப்பு குறைந்தது. நாலாவது தடவை அதையே பாடியபோது சிரிப்பு யாரிடமும் இல்லை. தெய்வத்தை இப்படியும் கூப்பிடலாமா என்று சனம் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. லாரி டிரைவர் வந்து வண்டியை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கையில் சாவியோடு கடைசி வரிசையில் நின்று கேட்டான்.

இதற்கெல்லாம் முன்பே, நீலகண்டம் முதல் தடவை 'எங்கே' என்று எடுத்த நேரம் பார்த்து, ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆம்பிளிபயர் மேசைக்கு வந்து கத்தினான். கோடு போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி. அறிவிருக்கா உனக்கு, மனுஷன்தானா நீ என்று ஏதேதோ. உலகநாதன் அவன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யார் திட்டினாலும் மைக்செட்காரன் காது ஸ்பீக்கரில்தான் இருக்க வேண்டும்.

*

ஆகவே, வானகரத்து வீட்டில் யாருக்கும் விடை தெரியாத கேள்விக்கு விடை அவரிடம் இருந்தது. வாயைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொன்னால், அந்த லாரிக்காரன் நான்தான் என்றும் சொல்ல வேண்டும்.

"லாரிக்காரன்னு சொல்றதுகூடப் பரவால்ல," என்று அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே சுசீலாவிடம் குமுறினார். "செட்டு நின்னுபோச்சாமே? என் கைல? ஏழு வருசத்துல ஒரு நாள் நின்னதில்ல. மழைல ஓட்டிகீறேன். கரண்ட் போனா பேட்டரில ஓட்டிகீறேன். எவனோ கேசட்ட கெடுத்து வெச்சிகினு என் தலைல கட்றான்!"

"இப்ப அத்தச் சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றாள் சுசீலா. "இன்னும் தாலியே ஏறல. அந்தாளு உன்ன மகாபாவின்னு சொல்லிட்டாரு, நீ எய்ந்து நின்னு நான்தான் அதுன்னா அவரு மூஞ்ச எங்க வெச்சிக்குவாரு? கைல அத்தாச்சி எதுனா கீதா? இல்லல்ல. வாய மூடிகினு இரு."

மூடிக்கொண்டுதான் இருந்தார். கல்யாணத்தில் மூடிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு மூடிக்கொண்டிருந்தார். போகும்போதெல்லாம் பாட்டு, போகும்போதெல்லாம் டி.எம்.சி. ரெண்டு ரெண்டு, போகும்போதெல்லாம் மகாபாவி. ஒரு தடவை ராகவனின் நண்பர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அனுபல்லவிக்குப் போனதில் தத்துவம் இருக்கிறதாம். ஜீவன் பரமாத்மாவைத் தேடுகிறதாம். செங்கல் லாரிடா அது என்று உலகநாதனுக்கு நாக்கு வரை வந்தது. பக்கத்தில் விக்ரம் இருந்தான், அவனுக்கு எல்லாம் தெரியும். "நைனா, ப்ளீஸ்" என்று மெதுவாகச் சொல்லி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் கோபமெல்லாம் வேறு யார் மேலாவது இறங்கும். அந்த வாரம் தண்ணீர் கேன்காரர் பாடு திண்டாட்டம்.

இந்த வருடம் ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராகவன் உற்சாகமாக ஒரு செய்தி சொன்னார். ரசிகர்கள் சேர்ந்து அவருடைய பட்டியலைப் புத்தகமாகப் போடுகிறார்கள். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. முதல் குறிப்பு அப்படியே வருகிறது, லாரிக்காரனோடு.

இணையத்தில் இருந்தால் யார் பார்த்தார்கள் என்று உலகநாதன் மனதைத் தேற்றி வைத்திருந்தார். அச்சில் வந்தால்? ஸ்வாதிக்கு ஏழாவது மாதம். பிறக்கிற பிள்ளை நாளைக்குத் தாத்தா எழுதிய புத்தகத்தைப் பிரித்தால், இன்னொரு தாத்தா விவரம் கெட்ட ஆசாமி என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். பெயர் இல்லாவிட்டால் என்ன? அவருக்குத் தெரியுமே.

"அத்தாச்சி வோணும்னியே," என்று மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே சுசீலாவிடம் சொன்னார். "கீது. அன்னிக்கி நான் ஆம்பிளிபயர்லேர்ந்து நேரா ஒயர் போட்டு ரெக்கார்டு பண்ணேன். முழுசா கீது."

"முப்பத்தேழு வருசமா அது எங்க கீது?"

"உங்கண்ணன் ஊட்ல."

பரந்தாமன் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. டி.ஜே. செட்டு, எல்.இ.டி. திரை என்று பிழைப்பு இன்று எங்கேயோ போய்விட்டாலும், பழைய தகரப் பெட்டி இரண்டு பரண்மேல் இருந்தது. இருவரும் பாதி நாள் தும்மித் தும்மித் தேடினார்கள். கடைசியில் கிடைத்தது. கேசட் உறையில் பச்சை மையில், உலகநாதனின் கையெழுத்தில், 'நீலகண்டம். திருவிழா. அழிக்காதே' என்று இருந்தது. 'அழிக்காதே'வுக்குக் கீழே இரண்டு கோடு.

உலகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் கேட்டிருப்பார் அதை! வேலை இல்லாத மத்தியானங்களில் பரந்தாமன் வீட்டு வாசலில், அந்த நாற்பது விநாடியை மட்டும். தன் குரல், அந்தச் சிரிப்பு, அந்த 'எங்கே'. முடிந்ததும் பின்னால் ஓட்டி, சரியாக அதே இடத்தில் நிறுத்தி வைப்பார், அடுத்த தடவை பட்டனை அமுக்கினால் உடனே வரவேண்டுமென்று.

"ஓட்டிப் பாத்துட்டு எட்த்துகினு போ மச்சான்," என்றான் பரந்தாமன்.

"ஓட்ட இன்னா கீது உங்கைல?"

ஒன்றும் இல்லை. இருந்த கேசட் டெக்கில் எலி குடித்தனம் செய்திருந்தது.

*

வானகரத்தில் டெக் இருந்தது. ராகவன் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி வைத்திருப்பார். முதலில் வேறு எங்காவது போட்டுக் கேள் என்று சுசீலா படித்துப் படித்துச் சொன்னாள். என் கையால் எழுதினது, எனக்குத் தெரியாதா என்று உலகநாதன் ஒரே பிடியாக நின்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், எல்லோரும் ஹாலில் இருக்கும்போது, கைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினார்.

"நம்ம மச்சான் ஊட்ல கெடச்சது. அந்தத் திருவிழா. ஆம்பிளிபயர்லேர்ந்து எட்த்தது. அந்த நாப்பது செகண்டும் இதுல கீது."

ராகவனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் புரியவே சற்று நேரம் ஆனது. புரிந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடிப் பெட்டியின் பூட்டைத் திறந்தார். பஞ்சில் மருந்து தொட்டு, டெக்கில் நாடா உரசும் தலையைத் துடைத்தார். கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு நொடி மட்டும் ஏதோ யோசனை வந்தது போல உலகநாதனைப் பார்த்தார். பிறகு போட்டார்.

ஒலி அற்புதமாக இருந்தது. தம்புரா தனியாகக் கேட்டது. ராகவனின் ஒலிப்பதிவில் கேட்காத, மிருதங்கத்தில் விரல் சுண்டும் ஒலிகூட இதில் இருந்தது. "அடாடா," என்றார் ராகவன். சரணம் வந்தது. உலகநாதன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நல்ல காதாகிய வலது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். இதோ, இந்த வரி முடிந்ததும்.

வரி முடிந்தது.

"அலோ. அலோ. மைக் டெஸ்டிங். ஒன்... டூ... த்ரீ. அலோ. மைக் டெஸ்டிங். பரந்தாமா, ரெக்கார்டு ஆவுதா பாரு. முள்ளு ஆடுதா? அலோ. ஒன்... டூ..."

பெட்டிக்குள் இருந்த இளவட்டம் நிதானமாக மூன்று வரை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தான். டக். அப்புறம் நீலகண்டம், அனுபல்லவியின் உச்சியில், எப்போதும் போல.

ஸ்வாதிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். உலகநாதனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புது டெக் வாங்கிய அன்று கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டுச் சோதித்துப் பார்த்தது நினைவுக்கு வந்துவிட்டது. மைக்செட்காரன் எவனும் செய்கிறதுதான். எந்தக் கேசட் என்று யார் பார்த்தார்கள்? அந்தச் சனியன் சரியாக அந்த இடத்தில் நின்றிருந்தது, ஏனென்றால் அவரே அங்கே நிறுத்தி வைத்திருந்தார். அழிக்காதே என்று எழுதிய கையே அழித்திருக்கிறது.

ராகவன் டெக்கை நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்," என்றார். "முப்பத்தேழு வருஷமா கேக்கறேன். இது அந்த லாரிக்காரன்."

"நான்தான்," என்றார் உலகநாதன்.

சுசீலா கண்ணை மூடிக்கொண்டாள். "நைனா," என்றான் விக்ரம்.

"இன்னாடா நைனா? மூணு வருசமா நைனா நைனான்னு வாய அடச்சிட்டீங்க! நான்தான் சம்பந்தி அந்த மகாபாவி. லாரி நம்பர் சொன்னது நான்தான். ஆனா செட்டு நிக்கல. கேட்டுக்கங்க, செட்டு நிக்கல! அவரு மைக்க நான் தொடவே இல்ல. ஒரு வெரலு கொறச்சேன், அவ்ளோதான். நீங்க இன்னா வோணா எய்தி அச்சு போடுங்க. லாரிக்காரன்னு போடுங்க, வெவரம் கெட்டவன்னு போடுங்க. செட்டு நின்னுச்சின்னு மட்டும் போடாதீங்க. அத்த என்னால தாங்க முடியல. கைல அத்தாச்சி இல்ல. இருந்தத நானே தொடச்சிட்டேன். நான் சொல்றத யாரு நம்பப்போறீங்க?"

குரல் உடைந்துவிட்டது. அது வேறு அவமானமாக இருந்தது. எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு செருப்புதான் கண்ணில் பட்டது.

"செட்டு நிக்கலை," என்றார் ராகவன்.

உலகநாதன் நின்றார்.

"எனக்குத் தெரியும். நான்தான் என் டேப்புல பாஸ் பட்டனை அமுக்கிப் பதிவை நிறுத்தினேன்." ராகவன் யாரையும் பார்க்காமல் டெக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அறிவிப்பு வந்தா கேசட் வீணாகுமேன்னு அமுக்கிடுவேன். எல்லாக் கச்சேரியிலயும் அதுதான் பழக்கம். அன்னிக்குக் கோபம் வேற. டேப்பைப் பக்கத்து ஆள் மடியில வெச்சுட்டு, மைக்செட்காரனை ரெண்டு கேள்வி கேக்காம விடறதில்லைன்னு எழுந்து போனேன்."

"கோடு போட்ட சட்ட," என்றார் உலகநாதன்.

"ஆமாம்."

"கண்ணாடி. அறிவிருக்கா உனக்குன்னு..."

"நான்தான். கத்திட்டுத் திரும்பி வந்து பட்டனை எடுத்துவிட்டா நிரவல் எங்கேயோ போயிடுச்சு. அவர் எப்படி ஆரம்பிச்சார்னு எனக்கும் தெரியாது சம்பந்தி. நேர்ல இருந்தேன், ஆனா கேக்கலை. ஏன் இந்த இடத்துல வெட்டுதுன்னு எல்லாரும் கேட்டாங்க. செட்டு நின்னுடுச்சுன்னு ஒரு தடவை சொன்னேன். அப்புறம் அதை மாத்த வழியில்லாம போச்சு. எழுதி எழுதி எனக்கே அதுதான் நடந்த மாதிரி ஆயிடுச்சு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தது. வந்ததும் உலகநாதனுக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நல்ல வசவாக நாலு கொடுத்தால் தேவலை போலிருந்தது. ஆனால் எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தபோது வசவு எதுவும் வாய்க்கு வரவில்லை. ஒற்றைச் செருப்போடு வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அச்சுல மாத்துவீங்களா?"

"மாத்தறேன். நான் பண்ணினதையும் எழுதறேன். உங்க பேரையும் போடறேன்."

"லாரிக்காரன்னு இல்ல."

"இல்லை. ஒலி அமைப்பு, உலகநாதன்."

ஸ்வாதி எழுந்து மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் ராகவன் பொறுத்திருந்தார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிறவர் போல, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அந்த நாற்பது விநாடியில என்ன நடந்தது சம்பந்தி? இப்போ அது எந்த கேசட்டிலயும் இல்லை. உங்க காதுல மட்டும்தான் இருக்கு."

"எனக்குப் பாட வராது."

"வர்ற மாதிரி சொல்லுங்க."

ராகவன் தன் கைபேசியை எடுத்து, ஒலிப்பதிவுக்கான சிவப்புப் பொட்டைத் தேடிப் பிடித்து, இருவருக்கும் நடுவில் முக்காலியின் மேல் வைத்தார். உலகநாதன் தொண்டையைச் செருமினார். பழைய பழக்கத்தில் கைபேசியை ஒரு சாண் நகர்த்தி, தன் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தார். ராகவனின் விரல் அதன் மேலேயே நின்றது.

"கைய எடுங்க சம்பந்தி," என்றார் உலகநாதன். "நான் லாரி நம்பர்லேர்ந்துதான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவ பாஸ அமுக்காதீங்க."